பெயரில் மட்டும் வேகம்

ஷஹானியாவில் ஓட்டப் பாதையின் விளக்குகள்
பதினொன்றுக்கு அணைந்துவிடும்.
அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரி ட்யூப்லைட்தான்
கத்தார் முழுமைக்கும் வெளிச்சம் என்பேன்.
கரம்தாத் சிரிக்கமாட்டான்.
அன்று சுத்தமாகச் சிரிக்கவில்லை.
வேலிக் கம்பியில் தொடை கிழிந்து
நவ்ஃபா வந்திருந்தாள்.

ஆறு வயது. சனிக்கிழமை ஓட வேண்டியவள்.
தேன், பேரீச்சை, பால் என்று
அவளுக்கு ஒரு வாரத் தீனி என் ஒரு மாதச் சம்பளம்.
கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்றால் பொய்.

முன்கால்களை மடக்கிக் கட்டினோம்.
கழுத்துச் சிரையில் சைலசின்.
திரையில் நாற்பத்திரண்டு.
முப்பத்தாறு.
முப்பது.
இருபத்து நான்கு.

ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
துக்கான் சாலையில் ஒரு லாரி கடந்துபோனது,
முழு லாரி, பின்னால் இழுவையோடு.
கரம்தாத் கலிமா முணுமுணுத்தான்.
முதலாளியின் ஆள் யாருக்கோ போன் போட்டான்.
என் கை அதற்குள் அட்ரோபினை உறிஞ்சி முடித்திருந்தது.
இருபத்திரண்டு வருடம் ஆட்டையும் குதிரையையும் பார்த்த கை,
என்னைக் கேட்டுக்கொண்டு எதுவும் செய்யாது.

டாக்டர் இன்திசார் ஓம்துர்மான்காரி,
என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள்.
காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
"அழுத்தம்?" என்றாள்.
வாலில் சுற்றிய பட்டை சொன்னது:
நூற்று எண்பது.

அந்த எண்ணோடு எனக்குக் கதை புரிந்தது.
மருந்து போய்ச் சின்னக் குழாய்களை எல்லாம் இறுக்கிவிட்டது.
வாசல் சாத்திய கல்யாண மண்டபம் மாதிரி
ரத்தம் பெருந்தமனிச் சுவரில் தோளால் இடிக்கிறது.
சுவருக்குள் நுனி புதைத்த நரம்புகள்,
இழுபட்டால் கத்துவதைத் தவிர வேறு தொழில் அறியாதவை,
கத்துகின்றன.
கத்தல் அவ்வளவு நீளக் கழுத்தும் ஏறி
முகுளத்துக்குப் போகிறது.
அங்கே டோக்கன் கிடையாது. நாளை வா கிடையாது.
அதே கழுத்தில் இறங்கி வருகிறது உத்தரவு:
மெல்ல.

உத்தரவைக் கொண்டுவரும் நரம்புக்குப் பேர் வேகஸ்.
வேலை, வேகத்தைக் குறைப்பது.
நாமக்கல்லில் வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்ததற்கு
ஒரு மணி நேரம் வராண்டாவில் நின்றிருக்கிறேன்.

ஆக, அந்த இருபத்து நான்கு
இதயம் சொன்ன 'சரிங்க'.
இப்போது அட்ரோபின் போட்டால்
பிரேக்கை அறுத்துவிட்டு
சாத்திய கதவில் அந்த லாரியை மோத விடுவதுதான்.
ஊசிக்கு மூடி போட்டுத் தட்டில் வைத்தேன்.
கை நடுங்கிக்கொண்டே இருந்தது,
வேலை பறிபோன ஆள் மாதிரி.

பதினேழு தையல்.
ஒன்பதாவதில் அழுத்தம் நூற்று ஐம்பது.
இறங்க இறங்கக் கத்தல் ஓய,
ஓய ஓயப் பிடி தளர,
இருபத்தெட்டு, முப்பத்து மூன்று.
யாரும் எதுவும் செய்யவில்லை.
முதலாளியின் ஆள் போனைப் பையில் போட்டுக்கொண்டு
ஏசி குறைவாக இருக்கிறது என்றான்.

இரண்டு பத்துக்கு எழுந்தாள்.
பின்னங்கால், முன்னங்கால், மறுபடி பின்னங்கால் என்று
மூன்று தவணையில்.
தரையில் கிடந்த தலை
ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.
அவ்வளவு உயரம் ஏறிய தலையில் ரத்தம் வடிந்திருக்க வேண்டும்.
வடியவில்லை. வேகஸ் அதற்குள் கையை எடுத்துவிட்டது.
அசைபோட்டபடி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

சாயங்காலத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்
தரையில் உட்கார்ந்திருந்த நான்
ஒரே தவணையில் எழுந்தேன்.
அறை கறுத்தது.
கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அவள் கழுத்து.
தாடைக்குக் கீழே உள்ளங்கையில்
அவள் நாடி தடதடவென்று ஓடி, ஒரு படி இறங்கி,
சீராகிவிட்டது.
எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

கண் தெளிந்தபோது
கரம்தாத் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.